ஆய்வு சொன்னது ஒன்று, நம் காதில் விழுந்தது வேறு

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் முன்னால் ஒரு மிட்டாயை வைப்பார்கள். “இதை இப்போதே சாப்பிடலாம். ஆனால் நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அறையைவிட்டு வெளியே போய்விடுவார். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்ததும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள், வாழ்க்கையில் முன்னேறினார்கள். உடனே வாயில் போட்டுக்கொண்டவர்கள் பின்தங்கினார்கள். ஆகவே மாணவர்களே, பொறுமையாக இருங்கள், கைப்பேசியை ஓரமாக வையுங்கள், படியுங்கள்!

பள்ளிப் பருவத்தில் இந்தக் கதையை நான் குறைந்தது நான்கு முறை கேட்டிருப்பேன். பள்ளி மண்டபத்தில், துணைப்பாட வகுப்பில், பெற்றோருக்கான கருத்தரங்கில், யூடியூப் காணொளியில். இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறேன். பாடத்திற்காக மூல ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, நமக்குச் சொல்லப்பட்டது பாதிக் கதைதான் என்று தெரிந்தது. விடுபட்ட பாதியில்தான் மாணவர்களுக்கு உண்மையில் பயன்படும் செய்தி இருக்கிறது.

ஓர் உளவியலாளரின் ஆய்வு மக்களிடம் வந்துசேரும் வழியில் எதைத் தொலைக்கிறது, தொலைந்ததை மீட்டுத் தரவேண்டியவர் யார் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மிஷெல் கேட்ட கேள்வி

இந்தச் சோதனையை உருவாக்கியவர் வால்டர் மிஷெல். 1930ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938ஆம் ஆண்டு நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அவருடைய குடும்பம் தப்பி அமெரிக்கா சென்றது.

1950களில் ஆய்வுக்காக அவர் திரினிடாட் தீவுக்குப் போனார். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். காசைச் சேர்த்துவைக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு சாராரை மற்றவர் குறைசொல்ல, வாழ்க்கையை அனுபவிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்கள் இவர்களைக் குறைசொன்னார்கள். மிஷெல் பிள்ளைகளிடம் போய், இன்றைக்கு ஒரு சிறிய மிட்டாய் வேண்டுமா, ஒரு வாரம் கழித்துப் பெரிய மிட்டாய் வேண்டுமா என்று கேட்டார். 1958ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில், இனத்தை மட்டும் வைத்து எதையும் விளக்க முடியவில்லை. தந்தை வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கும் பிள்ளையின் தேர்வுக்கும் தொடர்பு தெரிந்தது. வாக்குக் கொடுத்த பெரியவர் திரும்பி வருவார் என்று நம்பினால்தான் பிள்ளை காத்திருக்கும். இந்த எண்ணம் அவருடைய ஆய்வில் தொடக்கத்திலேயே இருந்தது.

பிறகு அவர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்குள்ள பிங் பாலர் பள்ளியில்தான் 1960களின் இறுதியில் நாம் அறிந்த சோதனை தொடங்கியது. யார் காத்திருப்பார், யார் காத்திருக்க மாட்டார் என்று பிள்ளைகளைப் பிரிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. எது காத்திருப்பதை எளிதாக்குகிறது என்பதே அவர் கேள்வி.

அதற்கு விடையும் கிடைத்தது. எப் எப்பசன் என்பவருடன் சேர்ந்து 1970ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில் 32 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 1 நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். அவை கண்ணுக்குத் தெரியாதபடி எடுத்துவைக்கப்பட்டபோது சராசரி 11 நிமிடத்தைத் தாண்டியது. அதே பள்ளி, அதே வயதுப் பிள்ளைகள். மாறியது தட்டு இருந்த இடம் மட்டுமே.

அடுத்தடுத்த ஆய்வுகளில் இன்னும் சில உத்திகள் தெரியவந்தன. வேறு மகிழ்ச்சியான விஷயத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னால் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். மிட்டாயை மேகமாக நினைத்துப்பார், அல்லது சட்டமிட்ட ஒரு படமாக நினைத்துப்பார் என்று சொன்னாலும் அப்படியே. சில குழந்தைகள் தாங்களாகவே கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், காலைத் தரையில் தட்டி விளையாடினார்கள்.

இதன் பொருள் எளிது. பொறுமை என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காமல் போகும் ஒன்றாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. அதில் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி பெரிது. தேர்வுக்குப் படிக்கும்போது கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு மனவலிமையோடு போராடுவதைவிட, அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். நான் கேட்ட நான்கு உரைகளிலும் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஊடகம் கேட்ட கேள்வி

மிஷெலின் மகள்களும் அதே பாலர் பள்ளியில் படித்தவர்கள். அவர்களிடம் பழைய வகுப்புத் தோழர்களைப் பற்றி விசாரித்தபோது, முன்பு காத்திருந்த நேரத்துக்கும் இப்போது பள்ளியில் அவர்கள் இருக்கும் நிலைக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து தொடர் ஆய்வு பிறந்தது. யூயிச்சி ஷோடா, பிலிப் பீக் ஆகியோருடன் அவர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் உலகப் புகழ்பெற்றது.

1968 முதல் 1974 வரை மொத்தம் 653 குழந்தைகள் சோதனைகளில் பங்கெடுத்திருந்தார்கள். ஆனால் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கும் காத்திருந்த நேரத்துக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகப் பேசப்படும் கணக்கு, அவர்களில் 35 பேரின் தகவலை வைத்துப் போடப்பட்டது. மிட்டாய் கண்ணெதிரே இருந்து, எந்த உத்தியும் சொல்லித்தரப்படாத குழந்தைகள் அவர்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் உண்மையான தொடர்பு இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். ஸ்டான்ஃபர்ட் வளாகத்தைச் சுற்றி வாழ்ந்த, படித்த பெற்றோரின் பிள்ளைகளே அங்கே பெரும்பாலும் படித்தார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

1995ஆம் ஆண்டு டானியல் கோல்மன் எழுதிய ‘உணர்வு நுண்ணறிவு’ பற்றிய நூல் விற்பனையில் சாதனை படைத்தது. அதில் இந்தச் சோதனைக்கு முக்கிய இடம் கிடைத்தது. அதன் பிறகு மேடைப் பேச்சுகள், பத்திரிகைக் கட்டுரைகள், குழந்தைகள் மிட்டாயைப் பார்த்து நெளியும் காணொளிகள் என்று கதை பரவியது. அமெரிக்காவில் ‘மார்ஷ்மெல்லோவைத் தின்னாதே’ என்று அச்சிட்ட சட்டைகூட மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

அந்தப் பயணத்தில் 35 என்ற எண் விழுந்துவிட்டது. ஆய்வாளர்களின் எச்சரிக்கை விழுந்துவிட்டது. தட்டை மறைத்தால் போதும் என்ற முதல் கண்டுபிடிப்பும் விழுந்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு செய்தி: நான்கு வயதிலேயே உன் தலையெழுத்து தெரிந்துவிடும்.

யாருக்கு வலிக்கிறது?

ஓர் ஆய்வை மிகைப்படுத்திச் சொன்னால் என்ன கெட்டுவிடும், பிள்ளைகள் நன்றாகப் படித்தால் சரிதானே என்று கேட்கலாம். எனக்குப் 15 வயது இருக்கும்போது, ஓர் ஊக்கமூட்டும் பயிலரங்கில் பேச்சாளர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “உங்களில் யார் யார் உடனே மிட்டாயைத் தின்றிருப்பீர்கள்? கையைத் தூக்குங்கள்” என்றார். சிலர் சிரித்துக்கொண்டே தூக்கினோம். என் பக்கத்து வரிசையில் இருந்த ஒருவனிடம் ஏன் என்று கேட்டார். “எங்க வீட்டுல வெச்சா இருக்காது சார்” என்றான் அவன். மண்டபமே சிரித்தது. “பார்த்தீர்களா, இந்த மனப்பான்மையைத்தான் மாற்றவேண்டும்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவன் சொன்ன ஐந்து சொற்களில் ஓர் ஆய்வே இருக்கிறது. உண்மையிலேயே அப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது.

செலஸ்ட் கிட் என்ற உளவியலாளர், வீடற்ற குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் முன்பு தொண்டாற்றியவர். எது எப்போது கையைவிட்டுப் போகும் என்று தெரியாத சூழலில் வளரும் பிள்ளைகள், மிட்டாயைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் இரு பிரிவினரிடமும் சொல்வார். ஒரு பிரிவில் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பிரிவில் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று கையை விரித்தார். அதன் பிறகு மார்ஷ்மெல்லோ சோதனை.

வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் 3 நிமிடம். முதல் பிரிவில் 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் பொறுத்திருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 14 பேரில் ஒருவர் மட்டுமே. இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் 2013ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வு ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. உடனே தின்ற குழந்தைக்குத் தன்னடக்கம் இல்லையா, அல்லது அது தன் அனுபவத்திலிருந்து சரியான முடிவைத்தான் எடுத்ததா?

2018ஆம் ஆண்டு டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னன் குவான் ஆகிய மூவரும் 900க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் தகவலை வைத்து மறு ஆய்வு செய்தார்கள். பட்டப்படிப்பை முடிக்காத தாய்மாரின் பிள்ளைகள்மீது அவர்கள் தனிக் கவனம் செலுத்தினார்கள். காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதில் பெற்ற கல்வித் தேர்ச்சிக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது முந்தைய ஆய்வு காட்டியதில் பாதி அளவே. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்பகாலத் திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது.

இப்போது அந்த மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வசதி குறைந்த வீட்டிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம், நீ பின்தங்குவதற்குக் காரணம் உன் மனப்பான்மை என்று ‘ஆய்வே சொல்கிறது’ என்ற முத்திரையோடு சொன்னால், அந்தப் பிள்ளை யாரிடம் போய் வாதாடும்? நம் ஊரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகு மாணவர்களை விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்த முறை 2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பிள்ளையை ஒரே தேர்வை வைத்து ஒரே பெட்டிக்குள் அடைக்கவேண்டாம் என்று நாட்டின் கல்விமுறையே முடிவெடுத்திருக்கிறது. நாமோ ஒரு மிட்டாயை வைத்து இன்னமும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

திருத்தச் சென்றவர்

மிஷெல் என்ன செய்தார்? அவர் வாய்மூடி இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு, 84 வயதில், மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிப் பொது வாசகர்களுக்காக ஒரு நூல் எழுதினார். தன்னடக்கம் கற்றுக்கொள்ளக்கூடியது, மிட்டாய் யாருடைய விதியையும் நிர்ணயிப்பதில்லை என்பதை அதில் வலியுறுத்தினார். செய்தியாளர்களிடமும் அதையே சொன்னார். ‘செசமி ஸ்திரீட்’ நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை வழங்கினார். பிஸ்கட்டைக் கண்டால் பாய்ந்து விழுங்கும் குக்கி மான்ஸ்டர் என்ற பொம்மை, காத்திருக்கும் உத்திகளைப் பழகும் காட்சிகள் அந்நிகழ்ச்சியில் வந்தன. உளவியலாளர் ஒருவரின் பொதுப்பணிக்கு இது அழகான எடுத்துக்காட்டு. ஆய்வு முதலில் சொன்ன செய்தி, குழந்தைகளுக்குப் புரியும் வடிவில் குழந்தைகளிடமே போய்ச் சேர்ந்தது.

அவர் இன்னொன்றும் செய்தார். பிங் பாலர் பள்ளியின் அதே குழந்தைகள் நடுவயதை எட்டியபோது, அவர்களில் 113 பேரை வைத்து நடந்த ஆய்வுக் குழுவில் தாமும் இருந்தார். நான்கு வயதில் மிட்டாய்க்காகக் காத்திருந்த நேரத்தை மட்டும் வைத்து நடுவயதில் அவர்களின் செல்வ நிலையையும் வாழ்க்கை நிலையையும் கணிக்க முடியவில்லை. மிஷெல் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். கட்டுரை 2020ஆம் ஆண்டு அவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது. தம்மைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன கதையைத் தாமே சோதிக்க முன்வருவதற்குத் துணிவு வேண்டும். இந்தச் செய்தி எத்தனை மேடைகளில் ஒலித்தது? நான் ஒன்றிலும் கேட்டதில்லை.

மறுபுறம், 2018ஆம் ஆண்டு மறு ஆய்வு வந்தபோது சில ஊடகங்கள் எதிர்த்திசையில் ஓடின. மார்ஷ்மெல்லோ சோதனை பொய்த்துப்போனது என்று எழுதின. மறு ஆய்வு ஆராய்ந்தது குழந்தைப் பருவத்துக்கும் பதின்ம வயதுக்கும் உள்ள தொடர்பை. தட்டை மறைத்தால் காத்திருப்பது எளிதாகிறது என்ற கண்டுபிடிப்பை அது தொடவே இல்லை. மிகைப்படுத்தியதைத் திருத்தவந்த செய்தியும் மிகையாகிப்போனது!

பழி யார்மேல்?

இதைப் படித்ததும் செய்தியாளர்களைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பெட்ராக் சம்னர், கிறிஸ் சேம்பர்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இருக்கிறார்கள். மூளையில் உள்ள ஒரு வேதிப்பொருளுக்கும் யோசிக்காமல் அவசரப்படும் குணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவர்களின் ஆய்வை, 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கலவரம் மூண்ட நேரத்தில் ஊடகங்கள் கலவரக்காரர்களோடு முடிச்சுப் போட்டன. குடித்துவிட்டு அடிதடியில் இறங்குவோரை அடக்க மூக்கில் தெளிக்கும் மருந்து என்ற அளவுக்குப் போனது செய்தி. ஆய்வில் அப்படி ஒரு மருந்தே இல்லை.

கோபப்பட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், இப்படித் திரிவது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையே அவர்கள் குழுவாக ஆராய்ந்தார்கள். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் உடல்நலம் தொடர்பாக வெளியிட்ட 462 செய்தி அறிக்கைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் மூல ஆய்வுக் கட்டுரையோடும் அதன்பின் வந்த நாளிதழ்ச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். முடிவு 2014ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது.

அறிக்கைகளில் 40 விழுக்காடு, ஆய்வுக் கட்டுரை சொல்லாத அளவுக்கு நேரடியான அறிவுரையை வழங்கின. 33 விழுக்காடு, வெறும் தொடர்பைக் காரணமாக்கின. அறிக்கை அப்படி மிகைப்படுத்தியிருந்தால், அதைத் தழுவிய செய்திகளில் 81 விழுக்காடு காரண விஷயத்தில் மிகையாக இருந்தன. அறிக்கை அடக்கமாக இருந்தால் அந்த விகிதம் 18 விழுக்காடுதான். அதாவது பல நேரங்களில் கோளாறு தொடங்குவது செய்தி அறையில் இல்லை. ஆய்வாளரின் சொந்தப் பல்கலைக்கழகத்தில். அந்த அறிக்கைகளைப் பொதுவாக ஆய்வாளர்களும் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

எச்சரிக்கைகளையெல்லாம் சேர்த்தால் யார் படிப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் இந்தக் குழுவிடம் விடை இருக்கிறது. மிகைப்படுத்திய அறிக்கைகளுக்கு அதிக செய்தி இடம் கிடைத்ததற்கு அவர்கள் போதிய சான்று காணவில்லை. பின்னர் செய்தி அலுவலகங்களோடு சேர்ந்து நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும், அடக்கமான தலைப்பும் எச்சரிக்கைக் குறிப்பும் கொண்ட அறிக்கைகளுக்குச் செய்தி இடம் குறைந்ததாகத் தெரியவில்லை. உண்மையை அதன் அளவோடு சொன்னாலும் மக்கள் கேட்கிறார்கள்.

ஆகவே, உளவியலாளர்கள் பொதுவெளியில் பேசக்கூடாது என்று நான் வாதிடவில்லை. 1969ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் மில்லர், உளவியலை மக்களுக்கு வாரி வழங்கவேண்டும் என்று தமது தலைமையுரையில் கேட்டுக்கொண்டார். நானும் அந்தக் கட்சிதான். மனம் பற்றிய அறிவு ஆய்விதழ்களின் கட்டணச் சுவருக்குள் பூட்டிக்கிடந்தால், அந்த இடத்தை டிக்டாக்கில் 30 விநாடியில் நோயறிந்து சொல்பவர்கள் நிரப்பிவிடுவார்கள்.

ஆய்வாளர்களுக்கு நேரமில்லை என்பதும், கட்டுரை எழுதினால் பதவி உயர்வு கிடைக்கும், பள்ளியில் போய்ப் பேசினால் கிடைக்காது என்பதும் உண்மையான சிக்கல்கள். ஆனால் பேச வந்துவிட்டால் மூன்று கடமைகள் உண்டு என்று நினைக்கிறேன். எத்தனை பேரிடம், எப்படிப்பட்டவர்களிடம் கண்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லவேண்டும். தம் பெயரில் வெளிவரும் அறிக்கையைத் தாமே வரிவரியாகப் படித்து, மிகையை வெட்டவேண்டும். புதிய ஆய்வு வந்து பழையதை மாற்றும்போது, முன்பு பேசிய அதே மேடைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லவேண்டும். மூன்றாவதுதான் கடினம். மிஷெல் அதைச் செய்தார், ஆனால் அதற்குள் கதை உலகைச் சுற்றி முடித்திருந்தது.

ஒரு ‘லாம்’ செய்யும் வேலை

இதில் இருமொழி படிக்கும் நமக்கு என்ன வேலை?

நம் வீடுகளில் ஆய்வுச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நுழைகிறது, தமிழில் சுற்றுகிறது. பாட்டியின் வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துள்ளனர்’ என்ற செய்தியை யாரோ ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர் பல நேரங்களில் நம்மைப் போன்ற இளையர்தான். சித்தப்பா ஆங்கிலக் கட்டுரையைக் காட்டி, “என்னம்மா போட்டிருக்கான்?” என்று கேட்டால், நாம் இரண்டு வரியில் சொல்லும் பதில்தான் அந்த வீட்டுக்குப் போய்ச்சேரும் ஆய்வு.

தமிழில் ஒரு சிறப்புச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஒருவேளை’ என்ற பொருளைத் தருவதற்குத் தனிச்சொல் நிற்கும். அது கண்ணில் படும். தமிழில் அந்த ஐயம் பல நேரங்களில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘மன அழுத்தத்தைக் குறைக்கலாம்’ என்பதில் உள்ள ‘லாம்’ நழுவினால், ‘மன அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று ஆகிவிடும். வாக்கியம் இன்னும் சுருக்கமாக, இன்னும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கும். அதேபோல் ‘தொடர்பு இருக்கிறது’ என்பது ‘காரணம்’ என்று மாற ஒரு நொடி போதும். குடைகள் அதிகம் விரியும் நாளில் மழை பெய்கிறது. குடையால் மழை வருவதில்லை.

எனவே அடுத்த முறை ‘உளவியல் ஆய்வு சொல்கிறது’ என்று யாராவது தொடங்கினால், மரியாதையாகச் சில கேள்விகள் கேட்போம். எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், அவர்கள் நம்மைப் போன்றவர்களா? கண்ட வேறுபாடு எவ்வளவு பெரியது? தொடர்பா, காரணமா? வேறு யாராவது மறுபடி செய்து பார்த்தார்களா? ஆய்வு செய்தவர் தம் வாயால் என்ன சொல்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட உளவியல் பட்டம் வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்துவிடலாம்.

உளவியல், சமூகவியல், மருத்துவம், தாதிமை படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் படித்த ஓர் ஆய்வையாவது அதன் எண்ணோடும் ‘ஆனால்’களோடும் தமிழில் எழுதிப் பார்ப்போம். பள்ளிக்கோ சமூக மன்றத்துக்கோ பேசப் போனால், மாணவர்களிடம் கை தூக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், ஏன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்போம். ஆய்வு நமக்குக் கற்றுத்தரும் முதல் ஒழுக்கம் அதுதான். பதில் நாம் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டால் அங்கேதான் நாம் கற்கவேண்டியது இருக்கிறது.

தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. மார்ஷ்மெல்லோ கதையை இனி யாராவது சொன்னால் முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். நான்கு வயதில் யாரும் உங்கள் தலையெழுத்தை எழுதிவிடவில்லை. கண்ணைப் பறிக்கும் தட்டை எடுத்து மறைத்துவையுங்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி பெரியவர்களிடமும் கேளுங்கள். ஆய்வுகளில் கண்டது இவ்வளவுதான், ஆனால் இதுவே நமக்குப் போதுமான அளவு பயனுள்ளது.